நான்கு தாள்கள், ஏழு இடங்கள்: வங்கிப் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் மாணவி, வங்கி, அப்பளத் தொழில் செய்பவர் யாருடைய பெயரையும் எழுதவில்லை. தொகைகளை, கணக்கின் போக்கு கெடாதபடி மாற்றியிருக்கிறேன். நான் அந்த மாணவியின் வழிகாட்டிப் பேராசிரியர். நடந்ததில் என் பங்கும் உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் இருக்கும்.

பின்னணி

எங்கள் கல்லூரியில் எம்.பி.ஏ. நிதிப் பிரிவு மாணவர்கள் இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் 45 நாள் பயிற்சிக்குப் போக வேண்டும். பயிற்சி முடிந்து அறிக்கை, அப்புறம் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. பெரும்பாலானவர்கள் எழுதிவரும் அறிக்கை எப்படி இருக்கும் என்று அவர்கள் போவதற்கு முன்பே எனக்குத் தெரியும். 14 வங்கிகள் 1969இல் தேசியமயமானதில் தொடங்கும். அந்த வங்கியின் ஆண்டறிக்கையில் இருந்து ஐந்து வருட எண்களை எடுத்து, வங்கியின் நிதி நலத்தை அளக்கும் கேமல் முறையில் விகிதம் போட்டு முடியும். வங்கிக்குள் கால் வைக்காமலேயே எழுதிவிடலாம். அதில் அலுத்துப்போய்த்தான் 2024இல் ஒரு விதி வைத்தேன்: கிளையில் நேரடியாகச் சேகரித்த தரவு ஒன்றாவது இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன். விதியை வகுப்பில் மூன்று தடவை சொன்னேன். அந்தத் தரவு யாருடையது, அதை வெளியே எடுத்துவரலாமா என்பது பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை.

இந்த மாணவிக்கு மதுரை வில்லாபுரம் பக்கம் ஒரு தேசியமய வங்கியின் கிளை கிடைத்தது. வீடு உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமம். காலை ஏழு மணி பஸ்ஸில் அரப்பாளையம், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் பெரியார், பெரியாரில் இன்னொரு பஸ். அப்பா விவசாயி. பயிர்ச் செலவுக்கு நகையை வைத்து மீட்கும் வீடு என்பதால் வங்கிக் கவுன்ட்டரின் வெளிப்பக்கம் அவளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கம்.

முதல் மூன்று வாரம்

ஜூலை முதல் தேதி சேர்ந்தாள். முதல் வாரம் முழுக்கப் பாஸ்புக் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். பார்கோடு பக்கத்தைக் காட்டத் தெரியாதவர்களுக்குக் காட்டுவது, சலான் எழுதிக் கொடுப்பது, கேஒய்சி புதுப்பிக்க வந்தவர்களின் ஆதார் நகலில் கையெழுத்து வாங்குவது. இரண்டாம் வாரம் நகைக் கடன் மேஜை. மதிப்பீட்டாளர் உரைகல்லில் வளையலை இழுத்து, அந்தக் கோட்டின் மேல் அமிலம் விட்டுப் பார்ப்பதை அவள் நாட்குறிப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். அறிக்கை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். அதை அறிக்கையில் இருந்து எடுக்கச் சொன்னதும் நான்தான். 'இது தரவு இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்.

மூன்றாம் வாரம் கடன் பிரிவு. அங்கே இருந்த அதிகாரி வட மாநிலத்துக்காரர். மதுரைக்கு வந்து ஒன்றரை வருடம், தமிழ் பாதி பாதி. மாணவிக்குக் கொடுத்த வேலை, மாதாந்தரச் சரக்கு அறிக்கை தராத வாடிக்கையாளர்களுக்குப் போன் போடுவது. கிளையில் எல்லோரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்றுதான் சொல்வார்கள். சிசி (கேஷ் கிரெடிட், வரம்புக்குள் எடுத்து எடுத்துக் கட்டும் வியாபாரக் கடன்) கணக்கு வைத்திருக்கும் வியாபாரி கையில் எவ்வளவு சரக்கு, யாரிடம் இருந்து எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மாதாமாதம் எழுதித் தர வேண்டும். அதை வைத்துத்தான் அந்த மாதம் அவர் எவ்வளவு எடுக்கலாம் என்ற டிராயிங் பவர் வரும். மூன்று மாதத்துக்கு மேல் பழசான அறிக்கையை வைத்துப் பணம் எடுக்க விட்டால், அந்தக் கணக்கு ஒழுங்கு தவறியதாகிவிடும். அது 90 நாள் நீடித்தால் வாராக்கடன். அதனால்தான் அந்தப் போன்களுக்கு அவ்வளவு அவசரம்.

நாள் முழுக்கப் போன் போட்டதில் அவளுக்கு அலுப்பு. ஜூலை 20ஐ ஒட்டி எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "சார், இங்க யாரும் எதுவும் சொல்லித் தர்ற மாதிரி இல்ல. டேட்டா எதுவும் கிடைக்கல." நான் பதில் போட்டேன்: "கேட்டா யாரும் தர மாட்டாங்க. கண்ணுல படுறத எடுத்துக்கோ."

எதை நினைத்து அப்படி எழுதினேன் என்று இப்போது விளக்கிப் பயனில்லை. அவள் படித்தது அந்த எழுத்தைத்தான்.

நான்கு தாள்கள்

அப்பளம் போடும் ஒருவரின் கோப்பு அவள் மேஜைக்கு வந்தது. அவருக்குச் சிசி வரம்பு 15 லட்சம். வருட விற்பனை 75 லட்சம் என்று கணித்து, ரிசர்வ் வங்கியின் நாயக் குழு சொன்ன முறைப்படி அதில் 20 சதவீதம். இந்தக் கணக்கு பாடப்புத்தகத்தில் இருப்பது, அவளுக்கு உடனே புரிந்தது. புரியாத ஒன்றும் இருந்தது: ஜிஎஸ்டி ரிட்டர்ன் எங்கே? அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரி இல்லாத பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. ஆக, அவர் விற்பனைக்குச் சாட்சி சிசி கணக்கில் விழும் வரவும், அவர் கைப்பட எழுதும் நோட்டும்தான்.

ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று அறிக்கைகளைக் கோப்பில் இருந்து செல்போனில் படம் எடுத்தாள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜூலை அறிக்கை வந்ததும் அதையும் எடுத்தாள். யாரும் பார்க்காத நேரம் பார்த்து எடுக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்தபடி, மதியம், எல்லோரும் இருக்கும்போதே எடுத்தாள். யாரும் தடுக்கவும் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து எக்செல்லில் போட்டாள். கணக்கில் விழுந்த வரவு ஏப்ரலில் 6.4 லட்சம், மே 6.1, ஜூன் 5.2, ஜூலை 3.4. சரக்கோ ஜூனில் 16 லட்சம், ஜூலையில் 19 லட்சம். மூன்று மாத விற்பனைக்கு இருந்த சரக்கு ஒரே மாதத்தில் ஐந்தரை மாத விற்பனைக்கு ஆகிவிட்டது. விற்பனை படுத்துவிட்டது, சரக்கு தேங்குகிறது, கணக்கு நலியப்போகிறது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி, நான்கு படங்களோடு எனக்கு அனுப்பினாள்.

எனக்கு மகிழ்ச்சி. உண்மையான தாள், உண்மையான எண். படத்தை விரித்து விரித்துப் படித்தேன். மறுநாள் துறைக் கணினியில் இறக்கி, அச்செடுத்து, பென்சிலால் குறித்தேன். வாடிக்கையாளர் ரகசியம் பற்றிய 1924ஆம் ஆண்டு டூர்னியர் வழக்கை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நடத்துபவன் நான். வாடிக்கையாளரின் கடன் விவகாரத்தை அவர் முதலாளியிடம் போனில் சொன்ன வங்கி மேலாளர், வேலை போன வாடிக்கையாளர், எந்த நான்கு சூழலில் வங்கி வாய் திறக்கலாம் என்ற பட்டியல் எல்லாம் மனப்பாடம். பென்சில் கையில் இருந்த அந்த நேரத்தில் அதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பென்சிலால் குறித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கீழமாசி வீதிக் கடை ஒன்றிடம் இருந்து வர வேண்டிய 2.1 லட்சம் நான்கு மாதமும் அதே 2.1 லட்சமாகவே இருந்தது. அவளிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அவளே தன் குறிப்பின் கடைசி வரியில் எழுதியிருந்தாள்: 90 நாளுக்கு மேல் போன பாக்கியை டிராயிங் பவரில் சேர்க்கக் கூடாது என்று அனுமதிக் கடிதத்தில் இருக்கிறதே, இதை ஏன் சேர்த்திருக்கிறார்கள்?

குடோனில்

குறிப்பை அவள் கடன் அதிகாரியிடமும் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "ஸ்டாக் பேப்பர்ல இல்ல மேடம், குடோன்ல இருக்கு. வாங்க" என்று எழுந்துவிட்டார். ஆகஸ்ட் இரண்டாம் வாரம். அதிகாரி பைக்கில் போக, அவள் பின்னால் ஷேர் ஆட்டோவில் போயிருக்கிறாள்.

உள்ளே உளுந்து மாவும் பெருங்காயமும் கலந்த வாசம். ஒரு பக்கம் மாவு மூட்டை. இன்னொரு பக்கம் கட்டுக் கட்டாக அப்பளம், கூரையைத் தொடும் அளவுக்கு. அதிகாரி ஹிந்தியும் தமிழும் கலந்து கேட்டதை அவள் உரிமையாளரிடம் எடுத்துச் சொன்னாள்: விற்பனை இறங்கியிருக்கும்போது ஏன் இவ்வளவு சரக்கு?

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தாராம். "ஏன் பாப்பா, நீ இந்த ஊர்தானே? ஆடியில யாரு வீட்டுல கல்யாணம்? ஆனி பாதியிலயே கடைக்காரங்க சரக்கு எடுக்குறத நிப்பாட்டிருவாங்க. ஆவணி பொறந்துட்டா அடுத்தடுத்து முகூர்த்தம். அப்ப கேட்டா எங்க போயி போடுறது? ஐப்பசி மழை ஆரம்பிச்சா காயவே காயாது. வெயிலு இருக்கையிலயே போட்டு அடுக்கிற வேண்டியதுதான்."

ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பது தெரியாத உசிலம்பட்டிப் பெண் கிடையாது. அவள் அக்காவுக்கே அந்த ஆவணியில்தான் தேதி குறித்திருந்தார்கள். தாளில் 'ஜூலை' என்று இருந்தது, அவள் ஜூலை என்றே படித்தாள். நானும் அப்படியே படித்தேன் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். போன வருட ஜூலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார் என்று சொல்ல எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் இதை எழுத வைத்தது. ஜூன் கடைசியில் எத்தனை மூட்டை இருந்ததாக எழுதியிருக்கிறார் என்று அதிகாரி கேட்டார். அவள் செல்போனை எடுத்து, ஜூன் தாளை விரித்துக் காட்டினாள். பக்கத்தில் நின்ற உரிமையாளர் எட்டிப் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த தாளு ஒன் செல்லுல எப்படி வந்துச்சு?"

அவளுக்குப் பதில் வரவில்லை. அதிகாரிக்குக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உரிமையாளர் சத்தம் போடவில்லை. "என் பங்காளி ரெண்டு தெரு தள்ளி இதே தொழில்தான் பண்றான். நான் யாருகிட்ட உளுந்து வாங்குறேன், எந்தக் கடைக்கு எம்புட்டுக் கடன் விட்டிருக்கேன், எல்லாம் இதுல இருக்கு. பேங்க்கை நம்பித்தானே எழுதிக் குடுத்தேன்" என்றார். அதன் பிறகு மூட்டை எண்ணும் வேலை நடக்கவில்லை.

அன்று மாலை

அதிகாரி மேலாளரிடம் மறைக்காமல் சொன்னார். மேலாளர் மாணவியை உட்கார வைத்து விசாரித்துவிட்டு எனக்குப் போன் போட்டார். நான் முதலில் சொன்னது, "படிப்புக்காகத்தானே சார் எடுத்திருக்கா." அவர் குரலை உயர்த்தாமல், "அது சரி சார், இப்ப அந்தப் படம் எங்கெங்க இருக்கு? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

எண்ணிப் பார்த்தோம். அவள் போன் கேலரி. அவளுடைய கூகுள் கணக்கு, அது தானாகவே மேலே ஏற்றி வைத்திருந்தது. எங்கள் வாட்ஸ்அப் உரையாடல். என் போன் கேலரி, வீட்டில் பிள்ளைகள் விளையாடும் அதே போன். என் கூகுள் கணக்கு. துறைக் கணினியின் டவுன்லோட்ஸ், அதைப் பத்துப் பேர் தொடுவார்கள். கடைசியாக என் பையில் இருந்த, பென்சில் குறி போட்ட அச்சுத் தாள்கள். ஏழு இடம்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

மேலாளர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பயிற்சியை அன்றோடு நிறுத்துவது, பேசி முடித்துவிட்டு மறப்பது, நிபந்தனையோடு தொடர விடுவது. கிளையில் இரண்டு பேர் முதல் வழிதான் சரி என்றார்கள். அவர் மூன்றாவதை எடுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வங்கி ஊழியர் ஒவ்வொருவரும் வேலையில் சேரும்போது ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறார்கள். தேசியமய வங்கிகளுக்கான 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. இந்தப் பெண் ஊழியர் இல்லை, அதனால் யாரும் அவளிடம் கையெழுத்து வாங்கவில்லை. ஆனால் ஊழியர் தொடும் கோப்பை அவள் கையில் கொடுத்தோம். "கதவைத் தொறந்து வச்சது நாங்க. உள்ள வந்ததுக்கு அவளை மட்டும் எப்படித் திட்டுறது?" என்றார்.

மறந்துவிடவும் அவர் தயாராக இல்லை. வட்டார அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தார். மறுநாள் நான் கிளைக்குப் போனேன். அதற்கு முன் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. அவர் மேஜையிலேயே போன், கூகுள் கணக்கு, வாட்ஸ்அப் என்று ஐந்து இடத்திலும் அழித்தோம். போனில் அழித்தபின்னும் குப்பைத் தொட்டியில் சில வாரம் கிடக்கும் என்பதையும் நினைவில் வைத்து அங்கேயும் அழித்தோம். துறைக் கணினியை அன்று மாலை நான் போய் முடித்துவிட்டுத் தகவல் சொன்னேன். அச்சுத் தாளைக் கிளையின் கிழிப்பானில் போட்டோம். மாணவி நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. "கண்ணுல படுறத எடுத்துக்கோ" என்ற வரி அவள் கடிதத்தில் இல்லாததைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உரிமையாளரிடம் மேலாளரே மாணவியோடு போனார். முதலில் அவர் முகம் கொடுக்கவில்லை. படங்கள் அழிந்துவிட்டன என்று சொன்னதும், அவள் எழுதியிருந்த குறிப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். 'விற்பனை படுத்துவிட்டது' என்ற இடத்தில் நிறுத்தி, "அத அடிச்சிரு. ஆடின்னு போடு" என்றார். கடைப் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்றும் சொன்னார்.

பிறகு நடந்தது

2.1 லட்சம் பாக்கி விஷயத்தில் மாணவி சொன்னது சரி. கீழமாசி வீதிக் கடையில் அண்ணன் தம்பி பிரிந்ததில் பணம் மாட்டிக்கொண்டிருந்தது. பாக்கியில் 60 சதவீதம்தான் டிராயிங் பவரில் சேரும் என்பதால், அந்தத் தொகையைக் கழித்தால் ஜூன் மாத டிராயிங் பவர் 15 லட்சத்தில் இருந்து 13.74 லட்சத்துக்கு இறங்கும். அந்த மாதக் கடைசியில் கணக்கில் நின்ற கடன் 13.9 லட்சம். அதாவது 16,000 ரூபாய் கூடுதல். ஜூலையில் சரக்கு ஏறியதால் பாக்கியைக் கழித்தும் வரம்புக்குள் வந்துவிட்டது. தொகை பெரிதில்லை. ஆனால் கிளையில் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது அது. ஆகஸ்ட் அறிக்கையில் அந்தப் பாக்கியைத் தனியாகக் காட்டச் சொன்னார்கள், அவரும் காட்டினார். ஆவணியில் கணக்கில் வரவு பழைய நிலைக்கு வந்ததாக அதிகாரி பிறகு சொன்னார்.

வீட்டுக்குப் படம் எடுத்துப் போய் நிதானமாக ஒப்பிட்டதால்தான் அது கண்ணில் பட்டது என்று மாணவி ஒரு தடவை சொன்னாள். உண்மைதான். ஆனால் நான்கு தாளையும் கிளை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடத்தையும் மேஜையையும் யாராவது அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். போன் போடும் பட்டியலோடு அவள் நாள் முடிந்துகொண்டிருந்தது.

அறிக்கையைக் கிளையின் பெயர், தொழில் செய்பவரின் பெயர், இடம் எதுவும் இல்லாமல், எண்களை மாற்றி, மேலாளர் வாசித்துப் பார்த்த பிறகே கல்லூரியில் தந்தாள். நகைக் கடன் மேஜைப் பகுதியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, "மூல ஆவணம் இணைப்பில் இல்லையே, இந்த எண்ணை நான் எப்படி நம்புவது?" ஏன் இல்லை என்று அவள் விளக்கினாள். 100க்கு 68 கிடைத்தது. ஐந்து வருடக் கேமல் ஆய்வு எழுதிய பையனுக்கு 84. தேர்வாளரோடு நான் கொஞ்சம் வாதாடினேன், பலன் இல்லை.

மாற்றியவை

நேரடித் தரவு வேண்டும் என்ற விதியை எடுத்துவிடவில்லை. அதைச் சொல்லும் விதம் மாறியது. வாடிக்கையாளரின் எந்தத் தாளும் கிளையை விட்டு வெளியே வரக் கூடாது. போனில் எடுக்கக் கூடாது. பார்த்ததைக் கைப்பட நோட்டில் பெயரில்லாமல் எழுதலாம், அதைக் கிளையில் ஒருவர் பார்த்துச் சுருக்கொப்பம் போட வேண்டும். எனக்கு அப்படி ஒரு படம் வந்தால் திறக்காமல் திருப்பிச் சொல்லி, கிளைக்கும் தெரிவிப்பது என் வேலை. தலைப்பை முதல் நாளே முடிவு செய்யாமல், இரண்டாம் வாரக் கடைசியில் நான் கிளைக்கு ஒரு நடை போய்வந்த பிறகு முடிவு செய்கிறோம். தேர்வாளருக்கு, ஆவணம் இணைக்கப்படாததன் காரணத்தை விளக்கி முன்கூட்டியே கடிதம் போகிறது. அதை எத்தனை பேர் படிப்பார்கள் என்பது வேறு விஷயம். பருவ வியாபாரம் என்றால் போன வருடத்தின் அதே மாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் இப்போது ஆடி அப்பளத்தை வைத்தே சொல்கிறேன். எந்த அப்பளம் என்று சொல்வதில்லை.

பயிற்சிக்கு முன் மாணவர் கையெழுத்துப் போடும் ரகசியக் காப்பு உறுதிமொழி ஒன்றையும் தயார் செய்தேன். 2025 ஜூன் மாதம் அந்த வரைவை அதே மேலாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, அடியில் மாணவர், துறைத் தலைவர், கிளை மேலாளர் என்று மூன்று கோடு போட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்தார்.

"வழிகாட்டி கையெழுத்துக்கு எங்க சார் இடம்?"

நான்காவது கோட்டை அவர் மேஜையிலேயே போட்டேன்.